தோட்டத்துப் பொருளைப் பொட்டலமிட்டு விற்கும் முன்

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டிற்கு வரும் சுற்றுலாப் பயணிகளில் பலர், திரும்பும்போது ஒரு பொட்டலம் காப்பித்தூளோ, மிளகோ, ஒரு புட்டி மலைத்தேனோ வாங்கிச் செல்கின்றனர். இதைக் கண்ட சேர்வராயன் மலை விவசாயிகள் சிலர், கொட்டையை மூட்டையாக வியாபாரியிடம் கொடுப்பதை விட்டு, தாமே வறுத்து அரைத்து விற்கலாமே என்று எண்ணுகின்றனர். நல்ல எண்ணமே. ஆனால், வறுத்த தூளைப் பொட்டலமிட்டு விற்கத் தொடங்கிய நாள் முதல் அவர் விவசாயி மட்டுமல்லர். சட்டத்தின் பார்வையில் உணவு வணிகரும் ஆவார்.

1954-ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடைச் சட்டத்திற்குப் பதிலாக, 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் 2011 ஆகஸ்டு 5 முதல் நடைமுறையில் உள்ளது. விவசாயிக்கும், அவரது பயிருக்கும், சாகுபடி வேலைகளுக்கும் இச்சட்டம் பொருந்தாது என்று அதன் 18-ஆம் பிரிவு கூறுகிறது. ஆகவே ஆரஞ்சையும், பலாவையும், வெண்ணெய்ப் பழத்தையும் விளைந்தபடியே விற்பவருக்கு உரிமம் எதுவும் தேவையில்லை. அதே பலாவைச் சீவி வறுவல் போட்டு உறையில் அடைத்தால், தேனை வடித்துப் புட்டியில் ஊற்றி விலை ஒட்டினால், சட்டம் அங்கே தொடங்குகிறது. "என் தோட்டத்துப் பொருள்தானே" என்ற பதில் அப்போது செல்லாது.

பதிவு செய்தல்

சிறு தயாரிப்பாளர்களும் தெருவோர விற்பனையாளர்களும் உரிமம் பெற வேண்டியதில்லை. பதிவு செய்துகொண்டால் போதும். 2011-இல் வகுத்த ஒழுங்குமுறையில் ஆண்டு விற்றுமுதல் 12 இலட்சம் ரூபாய் வரை உள்ளவர்கள் இந்தப் பிரிவில் வைக்கப்பட்டனர். ஆண்டுக் கட்டணம் 100 ரூபாய் என்றும் வரையறுக்கப்பட்டது. வரம்பும் கட்டணமும் அவ்வப்போது திருத்தப்படக் கூடியவை. எனவே மனுச் செய்யும் முன், சேலத்திலுள்ள மாவட்ட நியமன அலுவலரின் அலுவலகத்திலோ, தங்கள் பகுதி உணவுப் பாதுகாப்பு அலுவலரிடமோ கேட்டறிதல் நலம். மனுவை இணையவழியே அளிக்கலாம். கிடைக்கும் 14 இலக்க எண்ணைப் பொட்டலத்தில் அச்சிட வேண்டும். சான்றிதழை விற்குமிடத்தில் கண்ணில் படும்படி மாட்ட வேண்டும்.

காப்பித்தூளும் சிக்கரியும்

நம் மலையில் அதிகத் தவறு நேரக்கூடிய இடம் இதுவே. காப்பியில் சிக்கரி கலப்பது குற்றமன்று. நம் மக்கள் பலருக்கு அந்தச் சுவைதான் பிடிக்கிறது. ஆனால் கலவையில் காப்பி 51 சதத்திற்குக் குறையக் கூடாது. காப்பி எத்தனை சதம், சிக்கரி எத்தனை சதம் என்பதை உறையில் குறிப்பிடவும் வேண்டும். ஒரு கிலோ கலவையில் 600 கிராம் காப்பி சேர்த்துவிட்டு, உறையில் "சுத்தமான ஏற்காடு காப்பி" என்று மட்டும் அச்சடித்தால், பொருள் நல்லதாக இருந்தும் பொய் விவரக் குற்றத்திற்கு ஆளாக நேரிடும்.

வெளியே வாங்கிய தூளைச் சோதிக்க எளிய வழி உண்டு. ஒரு கண்ணாடித் தம்ளர் நீரின் மேல் சிறிது தூளைத் தூவுங்கள். காப்பி மிதக்கும், சிக்கரி சில விநாடிகளில் பழுப்புக் கோடு விட்டுக்கொண்டே கீழே இறங்கும்.

மிளகும் தேனும்

மிளகில் கலப்படத்தைவிடக் களத்து அசுத்தமே பெரிய கேடு. சாணம் மெழுகிய தரையில் மிளகைக் காயவைப்பது பலகால வழக்கம். சாணத்தின் மூலம் குடல்நோய்க் கிருமிகள் மிளகில் ஒட்டிக்கொள்கின்றன. மிளகு காய்ந்த பின்னும் அவற்றுள் சில சாவதில்லை. சமைத்த பண்டத்தின் மேல் மிளகுப்பொடியைத் தூவி உண்பவருக்கு அந்தக் கிருமி நேராகவே போய்ச் சேரும். சிமெண்டுக் களத்தில் அல்லது சுத்தமான தார்ப்பாயில் காயவையுங்கள். கோழியும் நாயும் அண்டாமல் தடுப்பு வையுங்கள்.

கொத்திலிருந்து உதிர்த்த மிளகை மூங்கில் கூடையிலிட்டு, கொதிக்கும் நீரில் ஒரு நிமிடம் அமிழ்த்தி எடுத்து உலர்த்துவது இன்னும் சிறந்தது. மேலுள்ள அழுக்கும் கிருமிகளும் பெருமளவு நீங்கும். சீரான கறுப்பு நிறம் வரும். நல்ல வெயிலில் மூன்று நான்கு நாட்களில் காய்ந்துவிடும். ஈரம் 10 அல்லது 11 சதத்திற்கு வந்த பின்னரே மூட்டை கட்டவும். நம் மலையில் மாலைப் பனி சீக்கிரமே இறங்குவதால், பகலில் காய்ந்தது இரவில் மீண்டும் ஈரத்தை இழுக்கும். பொழுது சாயும் முன் குவித்து மூடாமற் போனால் பூசணம் பிடிப்பது நிச்சயம்.

தேனில் ஈரம் 20 சதத்திற்கு மேற்படக் கூடாது. தேனீக்கள் மெழுகால் மூடாத அறைகளிலுள்ள தேன் பக்குவமடையாதது. அவசரப்பட்டு அதையும் சேர்த்து வடித்தால் சில வாரங்களில் நுரைத்துப் புளித்துவிடும். பழக்கூழ் செய்பவர்கள் சர்க்கரைச் செறிவு 65 சதத்திற்குக் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பயிற்சி

தயாரிப்பில் ஈடுபடும் 25 பேருக்கு ஒருவராவது உணவுப் பாதுகாப்பு மேற்பார்வையாளர் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பது மத்திய தர நிர்ணய ஆணையத்தின் திட்டம். குடும்பமாகத் தொழில் செய்யுமிடத்தில் வறுப்பவரும் பொட்டலமிடுபவரும் பெரும்பாலும் வீட்டுப் பெண்களே. எனவே சான்றிதழ் யார் பெயரில் இருப்பினும் பயிற்சிக்கு அவர்களை அனுப்புங்கள். உணவைக் கையாள்வோர் ஆண்டிற்கொருமுறை மருத்துவப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்; குடற்காய்ச்சல் தடுப்பூசியும் தேவை. வயிற்றுப்போக்கோ கையில் சீழ்ப்புண்ணோ உள்ளவர் அன்று வேலையில் இறங்கக் கூடாது. ஊற்று நீரையே நம்பியிருக்கும் மலைக் கிராமத்தார் நீரைப் பரிசோதித்துக்கொள்வது அவசியம். கண்ணாடிபோல் தெளிந்திருப்பது மட்டும் போதாது.

அலுவலர் ஆய்வுக்கு வரும்போது

பலர் அலுவலரைக் கண்டதும் பதறிக் கடையைச் சாத்துகிறார்கள். இது வீண் சந்தேகத்தையே வளர்க்கும். அவருக்கு அதிகாரம் உள்ளதுபோல உங்களுக்கும் உரிமைகள் உண்டு. மாதிரி எடுத்தால் அதற்குரிய வழக்கமான விலையை அவர் தர வேண்டும். மாதிரியை நான்கு பாகமாகப் பிரித்து, அரக்கு முத்திரையிட்டு, உங்கள் கையொப்பத்தையும் பெற வேண்டும். ஒரு பாகம் உணவுப் பகுப்பாய்வாளருக்குச் செல்லும். இரண்டு பாகங்கள் நியமன அலுவலரிடம் இருக்கும். நான்காவதை, அங்கீகாரம் பெற்ற வேறொரு ஆய்வகத்திற்கு அனுப்புமாறு நீங்கள் அப்போதே கேட்கலாம். அதற்கான செலவு உங்களுடையது. சேலத்திலேயே அரசின் உணவுப் பகுப்பாய்வுக் கூடம் உள்ளது. அறிக்கை பாதகமாக வந்து, அது சரியன்று என நீங்கள் கருதினால், கையில் கிடைத்த 30 நாட்களுக்குள் நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்ய வேண்டும். இந்தக் கெடுவைத் தவறவிட்டுப் பின் அலைவதில் பயனில்லை.

சுகாதாரக் குறைகளுக்கு உடனே வழக்கு என்பதில்லை. குறைகளைத் திருத்தச் சொல்லி முதலில் மேம்பாட்டு அறிவிப்பு தருவதற்குச் சட்டத்தில் இடமுண்டு. அதில் கண்ட கெடுவுக்குள் சரிசெய்து, செய்ததை எழுத்து மூலம் தெரிவித்து, நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு முறை வறுக்கும்போதும் தேதி, எந்தத் தோட்டத்துக் கொட்டை, எத்தனை கிலோ, சிக்கரி எவ்வளவு, எங்கே வாங்கியது என்பவற்றை ஒரு நோட்டில் குறித்து வரவும். சிக்கரியை ரசீதுடன் வாங்கி, அந்த ரசீதையும் அதே நோட்டிற்குள் ஒட்டி வைக்கவும்.