முதல் மூன்று நாள்

நுழையும்முன்

புயலையும் பெருமழையையும் நிறுத்த மனிதரால் இயலாது. அவை வரும் காலத்தையும் வழியையும் ஓரளவு முன்னறிய இன்று இயலும். முன்னறிந்தவற்றிற்கு ஏற்ப ஆயத்தமாவது அரசின் கடமை மட்டுமன்று; ஒவ்வொரு குடும்பத்தின் கடமையும் ஆகும். உதவி வந்து சேரும்வரை ஒரு குடும்பம் தன்னைத்தானே காத்துக்கொள்ளும் வழிகளை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

சூழ்ந்த நீரும் குடிக்க இல்லாத நீரும்

2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் காலை தொடங்கி மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில், தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. அடையாற்றங்கரையில் அமைந்த குடியிருப்புகளுக்குள் இரவோடு இரவாக வெள்ளம் புகுந்தது. மின்சாரம் நின்றது, கைப்பேசித் தொடர்பு அறுந்தது, விமான நிலையம் மூடப்பட்டது. மாடிகளில் ஏறி நின்றோரைச் சுற்றிலும் தண்ணீர் இருந்தது. குடிப்பதற்கோ ஒரு குவளை நீர் இல்லை. மின்சாரம் இல்லாததால் மோட்டார் இயங்கவில்லை. மோட்டார் இயங்காததால் குழாயில் நீர் வரவில்லை. சாலைகள் மூழ்கியதால் பால் வண்டியும் தண்ணீர் வண்டியும் வரவில்லை. வங்கியில் பணம் இருந்தும் அதை எடுக்க வழியில்லை.

படைவீரர்களும் தீயணைப்புத் துறையினரும் மீனவர்களும் தன்னார்வலர்களும் படகுகளில் சென்று மக்களை மீட்டனர். எனினும், ஒரே இரவில் பல்லாயிரம் வீடுகள் உதவி வேண்டி நிற்கும்போது எல்லா வாயிலுக்கும் ஒரே நேரத்தில் படகு செல்வது அரிது. ஒரு குடும்பத்திடம் மூன்று நாளுக்கு வேண்டிய நீரும் உணவும் மருந்தும் இருந்து, அது பாதுகாப்பான உயரத்திலும் இருக்குமானால், அக்குடும்பத்திற்கு வரவேண்டிய படகு படுக்கையில் கிடக்கும் ஒரு முதியவரை நோக்கியோ பேறுகாலத்தை எதிர்நோக்கும் ஒரு பெண்ணை நோக்கியோ செல்லலாம். ஆகவே, ஆயத்தமாக இருத்தல் தன்னலம் அன்று. அது பிறருக்குச் செய்யும் அறமும் ஆகும். குறைந்தது 72 மணி நேரம் பிறர் உதவியின்றி வாழும் ஆற்றலை ஒவ்வொரு வீடும் பெற்றிருக்க வேண்டும் என்று பேரிடர் மேலாண்மைத் துறையினர் வலியுறுத்துவதன் பொருள் இதுவே.

முன்னோர் இல்லமும் சேமிப்பும்

இவ்வாயத்தம் தமிழர் இல்லத்திற்குப் புதியது அன்று. உலர்ந்த நெல் குதிரிலும் பத்தாயத்திலும் சேர்க்கப்பட்டது. வண்டு துளைக்காதிருக்கத் துவரையின் மீது செம்மண் குழம்பைப் பூசி வெயிலில் உலர்த்தினர். தானியத்தினிடையே நொச்சியிலையும் வேப்பிலையும் இட்டனர். சுண்டைக்காயும் மணத்தக்காளியும் கொத்தவரையும் கோடை வெயிலில் வற்றலாயின. கடற்கரை ஊர்களில் கருவாடும் பனை வளர்ந்த ஊர்களில் கருப்பட்டியும் சேமிப்பாயின. விறகும் வறட்டியும் அடைமழைக்கு முன்னரே பரண் ஏறின. சித்திரை வெயிலில் இட்ட வற்றலும் வடகமும், காய்கறி கிடைக்காத ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் சோற்றுக்குத் துணையாயின. இவற்றைப் பேரிடர் ஆயத்தம் என்று எவரும் பெயரிட்டு அழைக்கவில்லை. இல்லறத்தின் இயல்பான பணியாகவே கருதினர்.

எனினும், பழமை முழுவதும் பாதுகாப்பாக இருந்தது என்று கருதுதல் பிழையாகும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சத்தை வீட்டுக் குதிர்கள் தடுத்து நிறுத்திவிடவில்லை. நிலமற்றோர் வீடுகளில் நிரப்புவதற்கு நெல்லே இல்லை. எனவே, முன்னோரிடமிருந்து நாம் பெறவேண்டியது குதிரை மட்டும் அன்று. வரும் காலத்தை எண்ணி இன்றே ஒரு பகுதியை ஒதுக்கும் பழக்கத்தை ஆகும்.

இன்றைய இல்லத்தில் குழாயைத் திறந்தால் நீர் வருகிறது. பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிகிறது. தெருமுனைக் கடையில் அனைத்தும் கிடைக்கின்றன. இவ்வசதிகள் வீட்டுப் பணியின் சுமையைக் குறைத்துள்ளன. ஆயின், இவை ஒவ்வொன்றும் ஒரு மின்கம்பியையோ ஒரு சாலையையோ சார்ந்துள்ளன. அவை அறுபடும் நாளுக்கான மாற்றை வீட்டுக்குள் வைத்திருப்பதே இக்காலத்துக்கு ஏற்ற தன்னிறைவாகும்.

நீர்

உணவின்றிச் சில நாள் வாழலாம். நீரின்றி வாழ்தல் அரிது. குடிப்பதற்கும் எளிய சமையலுக்குமாக ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 4 லிட்டர் நீர் தேவை. நால்வர் கொண்ட குடும்பத்திற்கு மூன்று நாளுக்கு 48 லிட்டர் வேண்டும். மூடியுள்ள 20 லிட்டர் கொள்கலன்கள் மூன்று இருப்பின் இத்தேவை நிறைவேறும். கழுவுதற்கும் கழிவறைக்கும் வேண்டிய நீரைப் புயல் எச்சரிக்கை வந்தவுடனே வாளிகளிலும் தொட்டிகளிலும் தனியே நிரப்பிக்கொள்ள வேண்டும்.

வெள்ளத்தின்போது சாக்கடை நீர் கிணற்றிலும் தரைக்கீழ்த் தொட்டியிலும் கலந்துவிடும். அந்நீர் தெளிவாகத் தோன்றினும் நோய்க்கிருமிகளைக் கொண்டிருக்கலாம். தூய்மை செய்து குளோரின் இடப்படும்வரை அவற்றின் நீரைப் பருகுதல் கூடாது. ஐயத்திற்குரிய நீரை வெள்ளைத் துணியில் வடிகட்டி, நன்கு கொதித்துக் குமிழியிடும் வரை காய்ச்சி, ஆறவைத்துப் பருக வேண்டும். அடுப்பு எரிக்க இயலாதபோது, குளோரின் மாத்திரையை அதன் உறையில் குறித்த அளவிலும் கால அளவிலும் பயன்படுத்தலாம். தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு முதல் கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பு அமைப்பு கட்டாயமாக்கப்பட்டுள்ளது. அவ்வமைப்பை மழைக்காலத்திற்கு முன் தூய்மை செய்தல் ஒவ்வொரு வீட்டாரின் பொறுப்பாகும்.

உணவு

பேரிடர்க் காலத்திற்குரிய உணவு சமைக்க வேண்டாததாகவும் எளிதில் கெடாததாகவும் வீட்டார் விரும்பி உண்பதாகவும் இருத்தல் வேண்டும். அவல், பொரி, பொட்டுக்கடலை, வேர்க்கடலை, வெல்லம், பேரீச்சம்பழம், வறுத்து அரைத்த சத்துமாவு ஆகியன இவ்வகையின. குழந்தைக்கும் முதியவருக்கும் உரிய உணவைத் தனியே எண்ணி வைத்தல் வேண்டும். இவற்றைக் காற்றுப்புகாத கலங்களில் இட்டு, வெள்ளம் எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். சேமித்ததைத் தொடாமல் ஆண்டுக்கணக்கில் வைத்திருத்தல் முறையன்று. முதலில் வாங்கியதை முதலில் பயன்படுத்தி, எடுத்த அளவை மீண்டும் நிரப்பி வந்தால் எப்பொருளும் வீணாகாது.

அன்றாடக் கூலியில் வாழும் குடும்பம் இத்தனையையும் ஒரே நாளில் வாங்க இயலாது. நாள்தோறும் உலையிடும் முன் ஒரு பிடி அரிசியைத் தனிக்கலத்தில் இடும் பழக்கம் நம் பெண்களிடையே நெடுங்காலமாக உண்டு. அதே முறையில் வாரந்தோறும் சிறிதளவு சேர்த்து வந்தால், ஆடியில் தொடங்கிய சேமிப்பு ஐப்பசியில் நிறைவடையும். எச்சரிக்கை வந்த மாலையில் கடைக்கு விரைந்து, கிடைத்ததையெல்லாம் வாரி வருதல் ஆயத்தம் ஆகாது. அது கையில் பணமில்லாதவரின் பங்கைப் பறிப்பதாகும்.

ஒளியும் செய்தியும்

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. தென்னை மரங்களோடு மின்கம்பங்களும் சாய்ந்தன. பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்பப் பல நாள் ஆயிற்று. இத்தகைய நாளில் மெழுகுவத்தியைவிடக் கைவிளக்கே பாதுகாப்பானது. மின்கலத்தால் இயங்கும் சிறிய வானொலிப்பெட்டி, கைப்பேசிக் கோபுரம் செயலிழந்த வேளையிலும் செய்தியைக் கொண்டுவரும். எச்சரிக்கை வந்தவுடன் கைப்பேசியையும் மின்சேமிப்புக் கலத்தையும் முழுமையாக மின்னேற்றம் செய்தல் வேண்டும். அழைப்பு கிட்டாதபோதும் குறுஞ்செய்தி சென்று சேர்வதுண்டு. உறவினர் எண்களையும் உதவி எண்களையும் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவைத்தல் நன்று. கைப்பேசி அணைந்துவிட்டால் அதிலுள்ள எண் எவருக்கும் பயன்படாது.

தெரிந்து தெளிவோம்

இந்திய வானிலை ஆய்வுத் துறை நான்கு நிலைகளில் புயல் அறிவிப்புகளை வெளியிடுகிறது. ஏறத்தாழ 72 மணி நேரத்திற்கு முன் முதல்நிலைக் கண்காணிப்பு அறிவிப்பும், 48 மணி நேரத்திற்கு முன் விழிப்பு அறிவிப்பும், 24 மணி நேரத்திற்கு முன் எச்சரிக்கையும், 12 மணி நேரத்திற்கு முன் கரை கடந்தபின் நிலவக்கூடிய நிலை குறித்த அறிவிப்பும் வெளிவரும்.
உதவி எண்கள்: அவசர உதவி 112, அவசர ஊர்தி 108, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077.

மருந்தும் ஆவணமும்

நாள்தோறும் மருந்து உட்கொள்வோர் இருக்கும் வீட்டில் குறைந்தது ஒரு வாரத்திற்குரிய மருந்தும், மருத்துவர் எழுதித் தந்த சீட்டின் படியும் எப்போதும் இருத்தல் வேண்டும். இன்சுலின் குளிர்பெட்டியில் வைக்கப்படும் மருந்தாகும். மின்சாரம் நிற்கும்போது அதனை எங்கே, எத்தனை நாள் வைக்கலாம் என்பதை மருத்துவரிடம் முன்னரே கேட்டறிதல் வேண்டும். ஈரமணலின் நடுவே வைத்த மண்பானை வெப்பத்தைக் குறைக்கும் என்பது இங்கும் பயன்படும் பழைய அறிவாகும்.

வெள்ளத்தைத் தொடர்ந்து வருவது வயிற்றுப்போக்கு. காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில், தலைதட்டிய ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறிது சிறிதாகப் பருகத் தந்தால் உடல் நீரிழப்பிலிருந்து காக்கப்படும். உப்பின் அளவு மிகுதல் தீங்கு தரும் என்பதால் அளவை மாற்றுதல் கூடாது.

2015 வெள்ளத்தில் நிலப்பத்திரமும் குடும்ப அட்டையும் மதிப்பெண் சான்றிதழும் நனைந்தழிந்தோர் பலர். அவர்களுக்கு மாற்றுச் சான்றிதழ் வழங்க அரசு சிறப்பு முகாம்களை நடத்த வேண்டியதாயிற்று. மூலச் சான்றிதழ்களை நீர்புகா உறையிலிட்டு, எளிதில் எடுக்கக்கூடிய ஒரே பையில் வைத்தலும், அவற்றின் மின்படிகளைச் சேமித்தலும் சிறிய பணிகளே. ஒரு மாணவரின் எதிர்காலம் அப்பையினுள் இருக்கக்கூடும்.

செய்யத்தகாதன

வீட்டுக்குள் நீர் புகும் முன்னரே முதன்மை மின்இணைப்பைத் துண்டிக்க வேண்டும். ஈரத்தில் நின்றுகொண்டு எப்பொத்தானையும் தொடுதல் கூடாது. எரிவாயு உருளையின் திறப்பை மூடி, அது மிதந்து செல்லாதவாறு கட்டிவைக்க வேண்டும். மூடிய அறைக்குள் மின்னாக்கியை இயக்குவதும் கரியடுப்பை எரிப்பதும் உயிரைப் பறிக்கும் நச்சுப்புகையை உண்டாக்கும். விரைந்தோடும் நீர் 15 சென்டிமீட்டர் ஆழமே இருப்பினும் ஒருவரை வீழ்த்த வல்லது. 60 சென்டிமீட்டர் ஆழத்தில் மகிழுந்தையும் அடித்துச் செல்லும். புயலின் நடுவே திடீரென அமைதி தோன்றினால் வெளியே வருதல் கூடாது. புயலின் கண்பகுதி கடக்கும் நேரம் அது. சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து காற்று மீண்டும் வீசும்.

வீடு ஓலைக்கூரையால் ஆனதாகவோ தாழ்நிலத்தில் அமைந்ததாகவோ இருப்பின், எத்துணைச் சேமிப்பும் உயிருக்குக் காவல் ஆகாது. அவ்வீட்டாருக்கு உரிய தலையாய ஆயத்தம், இருள் சூழும் முன் புயல் பாதுகாப்பு மையத்திற்குச் செல்வதே. மருந்தும் ஆவணமும் மாற்றுடையும் கொண்ட பை அப்பயணத்திற்கு எப்போதும் கட்டப்பட்டிருக்க வேண்டும்.

தன்னிறைவு தனித்திருத்தல் அன்று

2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் தென்மாவட்டங்களில் வரலாறு காணாத மழை பெய்தது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட தொடர்வண்டி, தண்டவாளத்தின் அடிப்பகுதி அரிக்கப்பட்டதால் திருவைகுண்டத்தில் நின்றது. ஏறத்தாழ 800 பயணிகள் வெள்ளத்தின் நடுவே சிக்கினர். மீட்புக் குழுவினர் வந்து சேரும் முன்னர் அவர்களுக்கு உணவளித்தவர்கள் அருகிலிருந்த புதுக்குடி ஊர்மக்கள். தம் ஊரைச் சுற்றிலும் வெள்ளம் நின்ற வேளையில், தம்மிடம் இருந்த அரிசியைக் கொண்டு சமைத்து, முன்பின் அறியாதோர்க்கு அவர்கள் வழங்கினர்.

அவ்வூரார் உள்ளத்தில் இரக்கம் இருந்தது; அவர்தம் வீடுகளில் அரிசியும் இருந்தது. இரக்கம் மட்டும் இருந்திருந்தால் கண்ணீரைப் பகிர்ந்திருக்கலாம். அரிசியும் இருந்ததால் உணவைப் பகிர்ந்தனர். மழை தொடங்கும் முன், நம் தெருவில் தனித்து வாழும் முதியவர் யார், நடக்க இயலாதவர் யார், கைக்குழந்தை உள்ள வீடு எது, படகு ஓட்டவும் நீந்தவும் முதலுதவி செய்யவும் தெரிந்தவர் யார் என்று அறிந்து வைத்தல் வேண்டும். அதுவும் சேமிப்பே ஆகும். முதல் மூன்று நாளுக்குரிய உணவையும் நீரையும் தனக்கென வைத்திருக்கும் வீடு, நான்காவது பங்கை அடுத்த வீட்டிற்கென வைத்திருக்குமானால், அத்தெரு எவ்வெள்ளத்தையும் கடந்து எழும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் குடும்பத்திற்கு மூன்று நாளுக்குத் தேவையான நீர், உணவு, மருந்து ஆகியவற்றின் அளவைக் கணக்கிட்டுப் பட்டியலிடுக. வீட்டில் இப்போது உள்ளவற்றோடு ஒப்பிடுக.
2. உங்கள் ஊரின் மூத்தோரிடம், அவர்கள் கண்ட புயல் அல்லது வெள்ளத்தின்போது உணவுக்கும் நீருக்கும் என்ன செய்தனர் என்பதைக் கேட்டு எழுதுக.
3. பேரிடர்க் காலத்தில் முதலில் உதவி தேவைப்படுவோர் யார் என்பதைக் குறித்து வகுப்பறையில் கலந்துரையாடுக.

இலக்கணக்குறிப்பு

உலர்ந்த நெல் – பெயரெச்சம்
வற்றலும் வடகமும் – எண்ணும்மை
நின்றோர் – வினையாலணையும் பெயர்

மதிப்பீடு

குறுவினா: துவரையைக் காக்க முன்னோர் கையாண்ட முறை யாது?
சிறுவினா: எச்சரிக்கை வந்த மாலையில் பொருள்களை வாரி வாங்குதல் ஆயத்தம் ஆகாது என்பதை விளக்குக.
நெடுவினா: ‘ஆயத்தமாக இருத்தல் பிறருக்குச் செய்யும் அறம்’ என்னும் கருத்தைப் பாடப்பகுதி கொண்டு நிறுவுக.