ஜெபமும் வேண்டும், மருத்துவரும் வேண்டும்

என் கணவர் மாரடைப்பில் போனபோது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. தொண்டாமுத்தூரில் எங்களுக்கு ஒரு பாக்குத் தோப்பு; நான் பள்ளி ஆசிரியை. தலைமுறை தலைமுறையாக சி.எஸ்.ஐ. சபைக் குடும்பம். அந்த இழப்புக்குப் பிறகு துக்கம், மனச்சோர்வு, பதற்றம் மூன்றும் ஒன்றையொன்று கைபிடித்து வந்தன. மீண்டு வந்த வழியில் ஒன்றை உறுதியாகக் கற்றுக்கொண்டேன். ஜெபத்துக்கு ஒரு வேலை, கவுன்சலருக்கு ஒரு வேலை, மருத்துவருக்கு ஒரு வேலை. ஒருவர் செய்ய வேண்டியதை இன்னொருவரிடம் எதிர்பார்த்தால் மூன்றுமே பலன் தராது. இதே நிலையில் இருப்பவர்களுக்காக, எனக்குக் கைகொடுத்தவற்றை இங்கே சொல்கிறேன்.

அழுகையை அடக்காதீர்கள்

அடக்க ஆராதனை முடிந்த கையோடு, "விசுவாசிங்க இப்படி அழக்கூடாதுங்க, அவரு கர்த்தர்கிட்டப் போயிட்டாரு" என்று பலர் சொன்னார்கள். அன்பினால் சொன்னதுதான். ஆனால் அதற்குப் பிறகு நான் கதவைச் சாத்திக்கொண்டு அழத் தொடங்கினேன். எங்கள் ஆயர் அதைக் கவனித்துவிட்டு யோவான் 11-ஆம் அதிகாரத்தை எடுத்து வைத்தார். லாசருவைச் சற்று நேரத்தில் எழுப்பப்போகிறோம் என்பது இயேசுவுக்குத் தெரியும். தெரிந்தும் அவர் கண்ணீர் விட்டார். உயிர்த்தெழுதலை நம்புகிறவர் அழக்கூடாது என்று யார் சொன்னாலும் இந்த அதிகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு இருவருமாக 88-ஆம் சங்கீதத்தை வாசித்தோம். புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் நம்பிக்கைக்குத் திரும்பிவிடும். இது இருளிலேயே முடிகிறது. அப்படிப்பட்ட ஜெபத்துக்கும் வேதத்தில் இடம் இருக்கிறது என்று தெரிந்தபோது நெஞ்சிலிருந்த பாரம் கொஞ்சம் இறங்கியது. ஸ்தோத்திரம் சொல்ல வாய் வராத நாளில் உங்கள் புலம்பலையே ஜெபமாக வையுங்கள்.

முதலில் உடம்பைப் பாருங்கள்

1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தில் எலியா சூரைச்செடியின் கீழ் படுத்துச் சாவைக் கேட்கிறார். தேவதூதன் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்தான், தூங்க விட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிட வைத்தான். கர்த்தர் எலியாவோடு ஓரேபில் பேசியதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

எனக்கு அந்த ஊழியத்தைச் செய்தவர் பக்கத்துத் தோட்டத்து ஆத்தா. அவர் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர். தூக்குப்போசியில் ரசஞ்சோறு கொண்டுவந்து, "ரெண்டு வாய் உண்டுபோட்டு அப்புறம் அழு சாமி" என்பார். பசி இல்லாவிட்டாலும் வேளைக்குச் சாப்பிடுவது, தினமும் ஒரே நேரத்தில் எழுவது, காலை வெயிலில் கொஞ்ச தூரம் நடப்பது, மாலைக்கு மேல் காப்பியைத் தவிர்ப்பது ஆகிய பழக்கங்கள் துக்கத்தைத் தீர்க்காது. அதைத் தாங்குகிற தெம்பைக் கொடுக்கும்.

துக்கம் எது, நோய் எது என்று பிரித்துப் பாருங்கள்

துக்கம் அலை அலையாக வரும். இடையில் ஒரு குழந்தை சிரித்தால் நாமும் சிரிப்போம். மனச்சோர்வு நோய் அப்படி இடைவெளி விடாது. நாள் முழுக்க மனப்பாரம், எதிலும் நாட்டமில்லாமை, கெட்டுப்போன தூக்கமும் பசியும், 'நான் எதற்கும் உதவாதவள்' என்ற எண்ணம் ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். ஆறு மாதம் கடந்தும் இழப்பின் வலி அன்றாட வேலைகளை முடக்கிப் போட்டிருந்தால், அதையும் சிகிச்சை தேவைப்படும் ஒரு கோளாறாக உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நான் அங்கேதான் சிகிச்சையைத் தொடங்கினேன். மனச்சோர்வுக்கான மாத்திரைகள் வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். கொஞ்சம் தேறியதும் நாமாக நிறுத்தவும் கூடாது.

"மாத்திரை போட்டா விசுவாசம் குறைஞ்ச மாதிரி ஆகாதா?" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இது. இந்தியாவெங்கும் சுவிசேஷம் சொன்ன மிஷனரி ஈ. ஸ்டான்லி ஜோன்ஸ், ஊழியத்தின் தொடக்க ஆண்டுகளில் மனம் உடைந்து பலமுறை படுத்தவர். அவரே 1950-ல் லக்னோவில் நூர் மன்ஸில் என்ற மனநல மையத்தை நிறுவினார். வேலூர் சி.எம்.சி., 1957-ல் பாகாயத்தில் மனநல மையத்தைத் தொடங்கியது. நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கிச் சிகிச்சையில் பங்கெடுப்பது அங்கே வழக்கம். மனநல மருத்துவம் திருச்சபைக்கு அந்நியமாக இருந்ததில்லை.

கவுன்சலரிடம் போவது புத்திமதி கேட்க அல்ல

எங்கள் ஊரில் மலையடிவாரத்திலிருந்து யானை தோப்புக்குள் இறங்குவது சகஜம். விரட்டுகிற பட்டாசுச் சத்தம் கேட்டாலும் முன்பெல்லாம் புரண்டு படுத்துக்கொள்வேன். என் கணவர் போன பிறகு அதே சத்தத்துக்கு நெஞ்சு படபடத்தது, வியர்த்தது, இப்போதே உயிர் போய்விடும் போலிருந்தது. இ.சி.ஜி.யில் ஒரு குறையும் இல்லை.

கவுன்சலர் என் பயங்களை ஒரு நோட்டில் எழுதச் சொன்னார். 'யானை வரும்' என்பது நிஜமான பயம். அதற்குச் செய்ய வேண்டியது உண்டு: வாசல் விளக்கைப் போடுவது, வெளியே போகாமலிருப்பது, வனத்துறைக்குச் சொல்வது. 'இன்றிரவு நானும் செத்துப்போவேன், பிள்ளைகள் அநாதையாவார்கள்' என்பது மனம் கட்டுகிற பயம். அதற்கு அந்த நேரத்தில் செய்ய ஏதுமில்லை. நோட்டில் எழுதி மூடிவிட்டு, மறுநாள் மாலை ஒதுக்கிய இருபது நிமிடத்தில் மட்டும் எடுத்துப் பார்க்க வேண்டும். மாலையில் பார்க்கும்போது பாதிப் பயம் வலுவிழந்திருக்கும். படபடப்பு வந்தால் நான்கு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். பாதத்தைத் தரையில் அழுத்தி, கண்ணில் படும் ஐந்து பொருள்களின் பெயரைச் சொல்லுங்கள்.

கிறிஸ்தவக் கவுன்சலரைத் தேடுபவர்கள் மூன்றைக் கேட்டறியுங்கள். முறையான பயிற்சி பெற்றவரா? வேலூர் கிறிஸ்தவக் கவுன்சலிங் மையம் போன்ற இடங்களில் அந்தப் பயிற்சி தருகிறார்கள். நாம் சொல்வது அவரைத் தாண்டாதா? ஒருவர் அழுது சொன்னது மறு வாரம் ஜெபக்குறிப்பாகச் சபையில் வாசிக்கப்படக் கூடாது. டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்தச் சொல்கிறாரா? சொன்னால் வேறொருவரைப் பாருங்கள்.

சபையாருக்கு ஒரு வேண்டுகோள்

யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் தரையில் அவரோடு வாய் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த நல்ல காரியம் அதுதான். விளக்கம் சொல்ல ஆரம்பித்தபோதுதான் யோபுவுக்கு வேதனை கூடியது. நினைவு ஆராதனை முடிந்ததும் எல்லோரும் கிளம்பிவிடுகிறோம். துக்க வீட்டுக்கு மூன்றாம் மாதமும் போங்கள், முதல் கிறிஸ்துமஸுக்கும் போங்கள். வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீசுக்கும், கணக்கு மாற்ற பேங்குக்கும் அவர்களோடு கூடப் போங்கள். எங்கள் பாக்குக் காய்க் குத்தகையைப் பேசி முடித்துக் கொடுத்த சபை மூப்பரின் உதவி எனக்கு ஒரு பிரசங்கத்துக்குச் சமம்.

கடைசியாக, சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தனியாக வைத்துக்கொள்ளாதீர்கள். 14416 என்ற டெலிமானஸ் எண் 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது. கட்டணமில்லை, இருபத்துநான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104-ம் இருக்கிறது. போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்ற பயத்தில் யாரும் சிகிச்சையைத் தவிர்க்க வேண்டாம். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதி, தண்டிக்காமல் உதவ வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. முழங்காலில் நின்று ஜெபியுங்கள். எழுந்ததும் அந்த எண்ணுக்குப் பேசுங்கள். இரண்டையும் இன்றே செய்யுங்கள்.