தறிச் சத்தத்தைக் கம்ப்யூட்டரில் நெய்வது எப்படி?



கீ-போர்டு வாங்கக் காசில்லை, ஆனால் இசையில் ஆர்வம் உண்டு என்பவர்கள் நம்மில் பலர். அவர்களுக்காகவே இந்தக் கட்டுரை. 'ப்யூர் டேட்டா' என்றொரு சாப்ட்வேர் இருக்கிறது. காசு கொடுக்க வேண்டாம், பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். இதில் ரெடிமேடான சத்தம் எதுவும் கிடையாது, எல்லாவற்றையும் நாமேதான் செய்ய வேண்டும். அதுதான் இதன் சிறப்பு.

எப்படி வந்தது?

1957-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் மேக்ஸ் மேத்யூஸ் என்பவர் கம்ப்யூட்டரை இசைக்க வைத்தார். ஒலியைச் சிறு சிறு பகுதிகளாகச் செய்து, பிறகு ஒன்றோடொன்று இணைக்கும் முறையையும் அவரே கொண்டு வந்தார். 1964-இல் ராபர்ட் மூக், ஆஸிலேட்டர், ஃபில்டர், ஆம்ப்ளிஃபையர் இவற்றைத் தனித்தனிப் பெட்டிகளாகச் செய்து ஒயரால் இணைத்தார். 1980-களில் பாரிஸில் மில்லர் பக்கெட் இந்த ஒயர்களைக் கம்ப்யூட்டர் திரையிலேயே இழுக்கும்படி ஒரு சாப்ட்வேர் எழுதினார். அதற்கு மேத்யூஸைக் கௌரவிக்கும் வகையில் 'மேக்ஸ்' என்று பெயர். அவரே 1996-இல் வெளியிட்டதுதான் ப்யூர் டேட்டா.

முதல் பாடம்

நாம் லேபில் பிரெட்போர்டில் செய்வதைத்தான் இங்கே திரையில் செய்கிறோம். பெயருக்குப் பின் '~' குறி இருந்தால் அந்தப் பெட்டியில் ஒலி ஓடுகிறது என்று அர்த்தம். 'ஆஸ்க்~ 440' என்ற பெட்டி விநாடிக்கு 440 அதிர்வுள்ள சைன் அலை தரும். அதை நேராக ஸ்பீக்கருக்கு விடாதீர்கள், காது கிழிந்துவிடும்! நடுவில் '*~ 0.1' என்ற பெருக்கல் பெட்டியைப் போட்டு, பத்தில் ஒரு பங்காகக் குறைத்து 'டாக்~' பெட்டிக்கு அனுப்புங்கள். இந்த டாக் வேறொன்றும் இல்லை, நாம் படித்த டிஜிட்டல்-அனலாக் கன்வர்ட்டர்தான்.

இதோடு இன்னொரு 'ஆஸ்க்~ 443' சேர்த்துப் பாருங்கள். சத்தம் விநாடிக்கு 3 முறை ஏறி இறங்கும். 443-இல் 440 போனால் 3. பீட்ஸ் என்று புத்தகத்தில் மனப்பாடம் செய்ததை அன்றுதான் நான் காதால் கேட்டேன்.

தறி ஓட்டுவோம்

எங்கள் வீட்டில் இசை என்றால் விசைத்தறிதான். அதனால் அந்தச் சத்தத்தையே செய்து பார்த்தேன். நீங்களும் செய்யலாம்.

1. 'நாய்ஸ்~' பெட்டி எல்லா அதிர்வுகளும் கலந்த இரைச்சலைத் தரும்.
2. அதை 'பி.பி.~ 300 5' என்ற பேண்ட்பாஸ் ஃபில்டரில் விடுங்கள். 300 ஹெர்ட்ஸைச் சுற்றியுள்ள ஒலி மட்டும் வெளியே வரும். 5 என்பது 'கியூ'. இது கூடினால் பட்டை குறுகும்.
3. 'வி.லைன்~' பெட்டிக்கு '1 2, 0 80 2' என்ற செய்தியைக் கொடுங்கள். 2 மில்லி செகண்டில் 1-க்கு ஏறி, அடுத்த 80-இல் 0-க்கு இறங்கும். இதை இரைச்சலோடு பெருக்கினால் 'டொக்' என்று ஒரு அடி.
4. 'மெட்ரோ 500' பெட்டியை அந்தச் செய்தியோடு இணையுங்கள். அரை விநாடிக்கு ஒரு அடி, அதாவது நிமிடத்திற்கு 120.

இது பலகை அடிக்கிற சத்தம். நாடா பெட்டியில் போய் முட்டுகிற சத்தத்திற்கு இதே அமைப்பை இன்னொரு முறை போட்டு, ஃபில்டரை 4000-இல் வைத்து, கியூவை 20 ஆக்கினேன். 'டிக்' என்று அழகாகக் கேட்டது. பெருமையாக அப்பாவைக் கூப்பிட்டு ஹெட்போனை மாட்டிவிட்டேன்.

"தறி ஓடுது கண்ணு. ஆனா நாடாவையே காணோமே?" என்றார்.

ஒயர் விட்டுப்போயிருக்கும் என்று நினைத்து எல்லாவற்றையும் சரிபார்த்தேன். தப்பே இல்லை. ஹெட்போனை வாங்கி நான் மாட்டினால் எனக்குக் கேட்கிறது. அவருக்குக் கேட்கவில்லை. ஃபில்டரை 3000, 2000 என்று இறக்கிக்கொண்டே வந்தேன். 1500-இல் "ஆங், வந்திருச்சு" என்றார்.

பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். இரைச்சலில் வருடக்கணக்காக நிற்பவர்களுக்கு முதலில் குறைவது 3000 முதல் 6000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதிதான். பேச்சில் ச, ஸ போன்ற எழுத்துகளின் ஒலி பெரும்பாலும் அந்த மேல்பகுதியில் இருக்கிறது. "கூப்பிட்டா காதுல வாங்கறதே இல்ல" என்று அம்மா சண்டை போடுவதற்குக் காரணம் அலட்சியம் இல்லை என்று அன்று புரிந்தது. என் சத்தத்திலும் தப்பு இருந்தது. உண்மையான நாடா அடியில் கீழ் அதிர்வும் உண்டு, நான் மேல்பகுதியை மட்டும் எடுத்திருந்தேன். அவரை வைத்துத்தான் அது தெரிந்தது.

அப்பா அதோடு விடவில்லை. "நாடா ஒரே பக்கமாவா போகும்? போனது திரும்பி வர வேணாமா?" என்று கேட்டார். சரிதானே! டாக்~ பெட்டிக்கு இடது, வலது என்று இரண்டு வாசல்கள் உண்டு. ஒரு அடி இடது, அடுத்த அடி வலது என்று மாற்றி அனுப்பினேன். தறி உயிர் பெற்றுவிட்டது. என் புரோகிராமில் இருந்த குறையைப் பள்ளிக்கூடம் போகாத ஒரு நெசவாளி கண்டுபிடித்தார் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

கடைசியாக ஒரு வார்த்தை

இந்தச் சோதனை காது டாக்டரின் பரிசோதனைக்கு ஈடாகாது. அப்பாவை அழைத்துப் போய்க் காட்டினோம். போன கேட்கும் திறன் திரும்பி வராது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். இப்போது பஞ்சு அடைப்பானை மாட்டிக்கொண்டுதான் தறிக்குப் போகிறார். நண்பர்களே, நாமும் ஒர்க்ஷாப்பில் கிரைண்டிங் மிஷின் முன்னால் நிற்கிறோம், ஹெட்போனை முழு வால்யூமில் வைக்கிறோம். சத்தத்தைச் செய்யப் பழகுவோம், அதற்கு முன் அதைக் குறைக்கவும் பழகுவோம்.

– இரண்டாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை