வானம் தெரிந்த கண்ணாடி

சாயல்குடியில் கரிமூட்டை ஏற்றும் லாரியில் பதினொரு வருஷம் கிளீனராக இருந்தவன் நான். தார்ப்பாய் கட்டுவேன், டயர் கழற்றுவேன். டிரைவர் டீ குடிக்கப் போன நேரத்தில் கிட்டங்கிக்குள் வண்டியை முன்னே பின்னே நகர்த்தியும் வைப்பேன், செய்யக்கூடாததுதான், செய்திருக்கிறேன். அதனால் ஹெவி லைசென்ஸ் டெஸ்டெல்லாம் இவனுக்கு ஒரு விஷயமா என்று தெருவே நினைத்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன். முதல் டெஸ்டில் ஃபெயில்.

ஆசை இருபது வயதிலேயே உண்டு. ஆனால் படித்தது ஏழாவது. லாரி, பஸ் லைசென்ஸுக்கு எட்டாவதாவது தேறியிருக்க வேண்டும் என்று அப்போது விதி. 2019-ல் அதை எடுத்துவிட்டார்கள். டீக்கடைப் பேப்பரில் அதைப் பார்த்த மறுவாரமே கார் லைசென்ஸுக்கு எழுதிப் போட்டேன். கார் லைசென்ஸ் வாங்கி ஒரு வருஷம் ஆனால்தான் ஹெவிக்கு எல்.எல்.ஆர்.; எல்.எல்.ஆர். வாங்கி முப்பது நாள் கழித்துத்தான் டெஸ்ட். அந்த ஒரு வருஷத்தைச் சும்மா போக விடாதீர்கள். 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியைக் கார் லைசென்ஸை வைத்தே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொன்னது. 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வும் அதையே உறுதி செய்தது. நான் குட்டி லோடு வண்டியில் கருப்பட்டியும் வாலிநோக்கம் உப்பும் ஏற்றிக்கொண்டு கீழக்கரைக்கும் ராமநாதபுரத்துக்கும் அலைந்தேன். கண்ணாடியைப் பார்த்து ஓட்டும் பழக்கம் அதில்தான் வந்தது. வந்தது என்று நினைத்திருந்தேன்.

ராமநாதபுரத்தில் ஒரு பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தேன். மாஸ்டருக்கு அறுபது வயதிருக்கும். சங்ககிரி வண்டிகளில் வடக்கே எல்லா ஊருக்கும் போய் வந்தவர். முதல் நாள் ஸ்டார்ட் செய்ததும் கை தானாகக் கியருக்குப் போனது.

“கைய எடு. முள்ளப் பாரு.”

ஏர் முள் அடியில் கிடந்தது. ஏர் பிரேக் வண்டியில் டாங்கியில் காற்று ஏறாமல் ஹேண்ட் பிரேக் விடாது. ராத்திரி முழுக்க நின்ற பழைய வண்டி என்றால் சில நிமிஷம் ஆகும். எனக்குத் தெரியாததா? கிளீனராக இருந்தபோது டிரைவர் பல் தேய்த்து வருவதற்குள் ஸ்டார்ட் செய்து ஏர் ஏற்றி வைத்ததே நான்தானே. ஆனால் சீட்டில் நான் உட்கார்ந்து, கீழே நாலு பேர் பார்த்துக்கொண்டு நிற்கும்போது அந்தச் சில நிமிஷம் தாங்கவில்லை. ஆக்சிலேட்டரை மிதித்து உறுமவிட்டேன்.

“வண்டியே இன்னும் கிளம்பத் தயாராகல, நீ எங்கப்பா போற?” என்றார்.

எங்கள் செட்டில் முதுகுளத்தூர்ப் பக்கத்துப் பெண்பிள்ளை ஒன்றும் இருந்தது. பையன்கள் சிரித்தபோது, “நாகர்கோவில்ல வசந்தகுமாரி 1993-லயே கவர்மென்ட் பஸ் ஓட்டியாச்சு, நீங்க இப்பத்தான் எல்.எல்.ஆர்.” என்று மாஸ்டர் வாயை அடைத்தார். அந்தப் பிள்ளை ஒரு விஷயத்தை மூன்று தடவை கேட்கும். இறங்கிப் போய்ப் பின்சக்கரம் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு மறுபடி ஏறும். எத்தனை பேர் காத்து நின்றாலும் அதற்குக் கவலையில்லை. கேட்டால் மானம் போய்விடும் என்று நான் கேட்கவே மாட்டேன். பதினொரு வருஷ அனுபவம் எனக்குச் செய்த கெடுதல் அதுதான்.

கெடுதலை வாய்விட்டுச் சொல்கிறேன், கிளீனராக இருந்து வருகிறவர்களுக்கு உதவும். இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டுவது, கிளட்சில் கால் வைத்தே ஓட்டுவது, திருப்பத்தில் காரைப் போலச் சீக்கிரமே ஸ்டியரிங்கை ஒடிப்பது. லாரியில் நம் சீட்டுக்குக் கீழேதான் முன்சக்கரம். பின்சக்கரம் எங்கேயோ பின்னால் வருகிறது. நாம் முனையைக் கடந்து வெளியே போய்விட்டோம், எதிர்ச்சுவரில் முட்டப் போகிறோம் என்று வயிறு கலங்கும் இடத்தில்தான் ஒடிக்க வேண்டும். அதற்கு முன்னால் ஒடித்தால் பின்சக்கரம் உள்ளே வெட்டி ஓரத்துக் கல்லில் ஏறும். மாஸ்டர் முனையில் ஒரு செங்கல்லை வைத்தார். முதல் நாள் மூன்று செங்கல் பொடியானது. நாலாம் நாள் கல் முழுசாக நின்றது. “பயப்படாதே” என்று அதுவரை ஆளாளுக்குச் சொன்னது எதுவும் எனக்கு உதவவில்லை, அந்தச் செங்கல்தான் உதவியது.

டெஸ்ட் அன்று எனக்கு முன்னால் ஏறியவன் ஆறடி ஆள். இறங்கி வந்தான், நான் ஏறினேன். சீட்டும் கண்ணாடியும் அவன் வைத்தபடியே இருந்தன. பக்கத்தில் பிரேக் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்துவிட்டார், கீழே எட்டுப் பேர் வெயிலில் நிற்கிறார்கள். இப்போது போய்க் கண்ணாடியைத் திருப்பிக்கொண்டிருந்தால் இவனுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைப்பாரே என்று அப்படியே கிளப்பினேன். முன்னால் ஓட்டியவரை குறையில்லை. ரிவர்ஸில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே நுழைக்க வேண்டும். இடது கண்ணாடியில் பார்த்தால் வானம். அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். நிறுத்தாமல் குத்துமதிப்பாக விட்டேன். பின்னால் டங்கென்று சத்தம்.

“கண்ணாடியில என்ன தெரிஞ்சுது?”

“வானம் சார்.”

“ஏழு நாள் கழிச்சு வா.”

டெஸ்டில் என்னென்ன பார்க்க வேண்டும் என்று 1989 மோட்டார் வாகன விதிகளில் பட்டியல் உண்டு. அதில் முதலில் வருவதே கண்ணாடியைச் சரிசெய்வதுதான் என்று பிறகு மாஸ்டர் சொன்னார். ஃபெயிலானால் ஏழு நாள் கழித்து மறுபடி போகலாம். மூன்று தடவை தவறினால் அறுபது நாள் காத்திருக்க வேண்டும். நமக்கு இன்னும் வாய்ப்பு இருக்கிறது என்று பஸ்ஸில் வரும்போதே கணக்குப் போட்டுக்கொண்டேன்.

அந்த ஏழு நாளும் நான் வண்டி ஓட்டவே இல்லை. கிட்டங்கியில் நின்ற லாரியில் ஏறி, சாவி போடாமல், கிளம்புவதை மட்டும் பழகினேன். சீட், வலது கண்ணாடி, இடது கண்ணாடி, நியூட்ரல், ஹேண்ட் பிரேக், ஏர் முள். ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லித் தொடுவேன். இறங்கி மறுபடி ஏறுவேன். ஒரு நாளைக்கு இருபது தடவை. தம்பியைக் கீழே நிறுத்தி, “என்னண்ணே, எவ்வளவு நேரம்? சீக்கிரம்ணே!” என்று கத்தச் சொன்னேன். முதல் நாள் அவன் கத்தலில் ஏர் முள்ளையே மறந்தேன். ஐந்தாம் நாள் அவனுக்குத்தான் தொண்டை கட்டியது.

எங்கப்பா பனையேறி. ஏறுகிற ஒவ்வொரு தடவையும் மட்டையைத் தட்டிப் பார்த்துத்தான் பிடிப்பார். காலையில் பிடித்த அதே மட்டையைச் சாயங்காலமும் தட்டுவார். பதநீர் வாங்க வந்தவர்கள் கீழே செம்போடு நின்று கூப்பிட்டாலும் தட்டாமல் பிடித்ததில்லை. சின்ன வயதில் அது எனக்கு எரிச்சலாக இருக்கும்.

சில்லறை விஷயங்களும் உண்டு. கண்ணில் குறை இருந்தால் மறைக்காதீர்கள். நல்ல வெளிச்சத்தில் 25 மீட்டரில் கார் நம்பர் பிளேட் தெரிய வேண்டும், கண்ணாடி போட்டுப் பார்த்தால் போதும். முன்தினமே ஊரிலிருந்து போய்த் தங்குங்கள். விடிகாலை பஸ்ஸில் நின்றுகொண்டே போய் இறங்கினால் கால் கிளட்சில் நடுங்கும். “டெஸ்டே வேண்டாம், நான் பார்த்துக்கிறேன்” என்று யாராவது சொன்னால் அந்த டீக்கடையிலிருந்தே எழுந்துவிடுங்கள். பத்துவீல் வண்டி லோடோடு 28.5 டன். அதை நிறுத்தத் தெரியாதவன் கையில் கொடுப்பது யார் புள்ளையின் மேல் ஏற்ற?

இரண்டாம் டெஸ்டில் கண்ணாடியைத் திருப்பிக்கொண்டிருந்தேன். பிரேக் இன்ஸ்பெக்டர் அவர் பாட்டுக்குப் பேப்பரில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். நான் பயந்த மாதிரி யாரும் என்னையே பார்த்துக்கொண்டிருக்கவில்லை. மேட்டில் வண்டி ஆஃப் ஆகிவிட்டது. போச்சு என்றுதான் தோன்றியது. ஹேண்ட் பிரேக், நியூட்ரல், ஸ்டார்ட், ஃபர்ஸ்ட் கியர் என்று வாய்விட்டே சொல்லி எடுத்தேன். ஒரு அங்குலம்கூடப் பின்னால் உருளவில்லை. அதற்கு ஃபெயில் போடவில்லை. கம்பங்களுக்கு நடுவே பாதியில் ஒரு தடவை நிறுத்தி, இரண்டு கண்ணாடியையும் பார்த்துவிட்டு நுழைத்தேன். “போ” என்றார். பாஸா ஃபெயிலா என்று கேட்கவே வாய் வரவில்லை. கீழே நின்ற பையன்தான் சொன்னான்.

போன மாதம் பெருநாழிக்குப் போக விடியற்காலை கரி லோடோடு கிட்டங்கியிலிருந்து ரிவர்ஸ் எடுத்துக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏற வேண்டியிருந்தது. கிளீனர் பையன் லீவு. பாதி வண்டி ரோட்டில் நிற்கிறது. தூத்துக்குடி பஸ் ஒன்று வந்து ஹாரனை அழுத்தியது அழுத்தியபடி நின்றது. ஹேண்ட் பிரேக்கைப் போட்டு இறங்கிப் பின்னால் நடந்துபோய்ப் பார்த்தேன். ஒன்றும் இல்லை, சக்கரத்தடியில் நசுங்கிய ஒரு கரித்துண்டுதான். பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டி என்னமோ சொன்னார். கையைக் காட்டிவிட்டு ஏறி, மறுபடி கண்ணாடியைப் பார்த்தேன்.