சூறைக்குருவியை எண்ணக் கிளம்பும் இளையவர்களுக்கு

புரட்டாசி, ஐப்பசியில் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் காட்டுக்கு வந்து சேரும் சூறைக்குருவியைச் சோளக்குருவி என்றும் சொல்வார்கள். 'இந்த வருஷம் வரத்து குறைஞ்சு போச்சா?' என்று கேட்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். அதற்குப் பதில் சொல்ல வேண்டியது உங்கள் நோட்டு. பெரியவர்களின் ஞாபகத்தை நம்பி இருக்காதீர்கள்.

1. படத்தில் பார்த்த ரோஸ் நிறத்தைத் தேடிப் போகாதீர்கள். வந்த புதிதில் இறகு நுனியெல்லாம் மங்கல் பழுப்பாக இருப்பதால் உடம்பே அழுக்கடைந்ததுபோல் தெரியும். அந்த நுனி தேயத் தேய, மாசி பங்குனியில்தான் ரோஸ் பளிச்சென்று வெளிவரும். தலை, இறக்கை, வால் கருப்பு. அந்த வருஷத்துக் குஞ்சு மண் நிறம், மஞ்சள் அலகு. பறக்கையில் மைனாவுக்கு இறக்கையில் வெள்ளைத் திட்டு தெரியும். சூறைக்குருவிக்கு அது இல்லை.

2. குஞ்சையும் வளர்ந்ததையும் தனித்தனியே எழுதுங்கள். இவை குஞ்சு பொரிப்பது கஜகஸ்தான் போன்ற நாடுகளின் புல்வெளிகளில், பாறை இடுக்கிலும் கற்குவியலிலும். வெட்டுக்கிளி மலிந்த இடத்தைத் தேடிக் கூட்டங்கூட்டமாகக் கூடு வைக்கும்; அடுத்த வருஷம் இடம் மாறிவிடும். வெட்டுக்கிளியை ஒடுக்க இந்தக் குருவி வரட்டும் என்று சீனாவின் சின்ஜியாங்கில் கற்களை அடுக்கிக் கூடு கட்டிக் கொடுக்கிறார்கள். குஞ்சு பொரிக்கும் இடத்தில் விளைச்சல் எப்படியோ, இங்கே வரத்து அப்படி. அதனால் ஒரு வருஷக் கணக்கைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், குதிக்கவும் வேண்டாம்.

3. இடத்தை மாற்றாதீர்கள். எல்லாவற்றிலும் முக்கியம் இதுதான். இது ஊர் சுற்றும் பறவை. இன்று எட்டயபுரம் பக்கம் இருக்கும் கூட்டம் நாளை எங்கே என்று யாரும் சொல்ல முடியாது. கூட்டம் கண்ட இடத்துக்கெல்லாம் ஓடிப்போய் எண்ணினால் உங்கள் நோட்டில் எந்த வருஷமும் அமோகமாகத்தான் இருக்கும். உங்கள் ஊர் வண்டிப்பாதை ஒன்று, கண்மாய்க் கரை ஒன்று. அதே நேரம், அதே தூரம், வாராவாரம்.

4. ஒன்றுகூட வராத நாளையும் எழுதுங்கள். அந்தப் பூஜ்யம் இல்லாவிட்டால் வந்த நாளுக்கும் அர்த்தமில்லை.

5. பொழுது சாயும்போது அடைய வரும் கூட்டத்தை எண்ணுங்கள். வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். முதலில் பத்துப் பறவையை ஒவ்வொன்றாக எண்ணி, அந்தப் பத்து வானத்தில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொள்ளுங்கள். அதை வைத்து நூறு, நூறை வைத்து ஆயிரம். சுழன்று திரும்பும் கூட்டத்தைப் புதுசாக நினைத்து மறுபடி எண்ணிவிடாதீர்கள். அடைந்த மரத்துக்கு அடியில் போய் நின்று கலைக்கவும் வேண்டாம்.

6. பயிரையும் எழுதுங்கள். 1901-லிருந்து இருக்கும் கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் கரிசலுக்கென்றே சோள ரகங்களைத் தந்தது. இன்று அந்தச் சோளம் நின்ற மானாவாரி நிலத்தில் எவ்வளவோ மக்காச்சோளம் நிற்கிறது. திறந்த கதிரில் உட்கார்ந்து கொத்துகிற குருவிக்கு, மடலுக்குள் மூடிக் கிடக்கும் மணி சுலபத்தில் கிடைக்காது. 2018-இல் படைப்புழு இந்தியாவுக்குள் வந்த பிறகு மக்காச்சோளத்துக்கு மருந்தடிப்பும் கூடிவிட்டது. அந்த மருந்து வெட்டுக்கிளியையும் விட்டுவைக்காது. குருவி குறைந்தால் கஜகஸ்தானைக் கேட்பதற்கு முன்னால் நம் புஞ்சையைக் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம்.

7. சம்சாரியோடு வாதாடாதீர்கள். சோளம் பால் பிடிக்கும்போது கூட்டம் இறங்கினால் நஷ்டம் அவருக்குத்தான். தகரம் தட்டி விரட்டுவது அவர் உரிமை. கேட்டுக்கொண்டு வரப்பில் ஏறுங்கள். முதல் கூட்டம் எப்போது வந்தது என்று விசாரியுங்கள். அதே குருவி வெட்டுக்கிளியையும் பொறுக்குவதை அவர் காட்டிலேயே நின்று காட்டுங்கள்.

8. எழுதியதை நோட்டோடு பூட்டி வைக்காமல், பறவைப் பட்டியல்களைப் பதியும் இ-பேர்ட் இணையதளத்தில் ஏற்றுங்கள். 2023-இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 942 இனங்களைப் பார்த்தது. அதில் நீண்டகாலப் போக்கைக் கணிக்கத் தரவு போதுமானதாக இருந்தது 338 இனங்களுக்குத்தான். கணக்கில்லாத ஊரும் இனமும் அந்த மாதிரி அறிக்கையில் ஏறாது. பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு 2015 முதல் நடக்கிறது. வரும் பொங்கலுக்கு, கரும்பு கடித்து முடித்த கையோடு, உங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் பதினைந்து நிமிஷம் நின்று ஒரு பட்டியலாவது ஏற்றிவிடுங்கள்.