படுத்தால் ஓயாத கால்கள்

நமது தோட்டங்களில் பெண்கள் விடியற்காலை நாலரை மணிக்கே எழும்பி, அடுப்பு மூட்டி, ரொட்டி சுட்டு, பிள்ளைகளைப் பாடசாலைக்கும் பிள்ளை மடுவத்துக்கும் அனுப்பிவிட்டுப் பெரட்டுக்கு ஓடுகிறார்கள். பகல் முழுவதும் மலையில் நின்று கொழுந்து பறித்து, அந்தி நிறுவை முடிந்து வீட்டுக்கு வந்து, விறகும் தண்ணீரும் தூக்கி, இராச்சாப்பாடு ஆக்கிப் போட்டுப் பாயில் சாயும்போது மணி ஒன்பது, பத்து ஆகிவிடும். இப்படிக் களைத்த உடம்புக்குப் படுத்தவுடனே நித்திரை வரவேண்டும். ஆனால் சிலருக்கு அந்த நேரத்தில்தான் தொல்லையே ஆரம்பமாகிறது.

"காலுக்குள்ள புழு ஊர்ற மாதிரி இருக்கு." "நரம்பைப் புடிச்சு யாரோ இழுக்கிறாங்க." "எலும்புக்குள்ள சோடா நுரைக்கிற மாதிரி இருக்கு." இவையெல்லாம் லயங்களுக்குப் போகும்போது நம் காதில் விழுந்த வார்த்தைகள். வலி என்று சொல்லவும் முடியவில்லை, வலி இல்லை என்று சொல்லவும் முடியவில்லை. காலை அசைத்தே ஆகவேண்டும் என்று ஒரு தவிப்பு. எழும்பி நாலு எட்டு நடந்தால் போய்விடுகிறது. மறுபடி படுத்தால் மறுபடி வந்துவிடுகிறது. சிலருக்கு இரவு இரண்டு மணி வரை இதே பாடு.

ஒரு காம்பராவில் ஆறு பேர் வரிசையாகப் படுத்திருக்கும் வீட்டில் ஒருவர் எழும்பி நடந்தால் எல்லோரும் விழித்துக்கொள்வார்கள். அதனால் அந்தப் பெண் வெளியே இஸ்தோப்பில் குளிரில் நடப்பாள். நடுச்சாமத்தில் வெளியே நடக்கும் பெண்ணைப் பற்றி லயத்தில் என்னென்ன பேசுவார்கள் என்று நாம் சொல்லத் தேவையில்லை. புருஷன் சந்தேகப்படுகிறான். மாமியார் 'காத்து கருப்பு' என்று கோடாங்கிக்கு ஆள் அனுப்புகிறார். பகலில் மலையில் தூங்கி விழுந்தால் 'சோம்பேறி' என்ற பெயரும் வருகிறது. கும்பிடுகிறவர்கள் கும்பிடட்டும், அதை நாம் தடுப்பதில்லை. ஆனால் சேவலுக்கும் உடுக்கைக்கும் கடன் வாங்கிச் செலவழிக்குமுன் டிஸ்பென்சரிக்கு ஒரு தடவை போய் வாருங்கள் என்றுதான் சொல்கிறோம். இது பேயும் இல்லை, நடிப்பும் இல்லை. நரம்பு சம்பந்தமான ஒரு நோய்.

எப்படி அறிந்துகொள்வது?

இதனை 'ஓயாத கால் நோய்' என்று சொல்லலாம். இங்கிலாந்தில் தோமஸ் வில்லிஸ் என்ற வைத்தியர் 1672ஆம் ஆண்டிலேயே இதைப் பற்றி எழுதிவைத்தார். கைகால் அமைதியில்லாமல் துடிப்பதால் நித்திரை கொள்ள முடியாமல் சித்திரவதைப்படுகிறவர்களைப் போல இருக்கிறார்கள் என்பது அவர் சொன்னதன் கருத்து. பிறகு 1945இல் சுவீடன் நாட்டு வைத்தியர் எக்பொம் இதனை விரிவாக ஆராய்ந்து நூல் எழுதி, இன்று வழங்கும் பெயரையும் கொடுத்தார். ஆகவே இது நம் லயத்தில் மட்டும் உள்ள விசித்திரம் அல்ல. உலகம் முழுவதும் இருக்கிறது, ஆண்களைவிடப் பெண்களுக்கே கூடுதலாக வருகிறது.

இந்த நோயைக் காட்டித்தரும் படமோ மெஷினோ கிடையாது. கேள்வி கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். காலை அசைக்காமல் இருக்க முடியாத உந்துதல் வருகிறதா? உட்கார்ந்தால், படுத்தால் கூடுகிறதா? நடந்தால், காலை நீட்டி மடக்கினால் குறைகிறதா? பகலைவிட அந்தியிலும் இரவிலும் மோசமா? நாலுக்கும் 'ஆம்' என்றால் அநேகமாக அதுவேதான். கெண்டைக்கால் கல்லுப்போல இறுகிப் பிடிக்கிறதே, அது வேறு. சீனி வருத்தக்காரருக்குப் பாதம் எரிவதும் மரத்துப்போவதும் வேறு, அது நடந்தாலும் குறையாது. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கிச் சிவந்து வலித்தாலோ, கால் பலமிழந்து போனாலோ, சிறுநீரை அடக்க முடியாமல் போனாலோ இந்தக் கட்டுரையை வைத்துக்கொண்டு இருக்காதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இரத்தத்தில் இருக்கும் இரும்பு

ஏன் வருகிறது? சிலருக்குப் பரம்பரையாக வருகிறது. தாய்க்கு இருந்தது மகளுக்கும் இருக்கும். சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்கும் வரும். ஆனால் நமது தோட்டத்துக்குப் பெரிதாகச் சம்பந்தப்பட்ட காரணம் இரும்புச்சத்துக் குறைவு. நம் மூளையில் டோபமின் என்ற ஒரு பொருள் இருக்கிறது. கைகால் அசைவுக்கு அது வேண்டும். அது ஒழுங்காக வேலை செய்ய இரும்பு வேண்டும். இந்த நோய் உள்ளவர்களின் மூளையில் ஒரு பகுதியில் இரும்பு குறைந்திருப்பதை ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். கர்ப்பிணித் தாய்மாரில் ஏறக்குறைய 5 பேரில் ஒருவருக்கு, முக்கியமாகக் கடைசி மூன்று மாதத்தில், இந்தத் தொல்லை வருகிறது. பிள்ளை பிறந்தபின் பெரும்பாலும் தானாகக் குறைந்துவிடும்.

நமது பெண்களுக்கு இரத்தம் குறைவதற்குக் காரணம் ஒன்றா இரண்டா? மாதவிலக்கு, அடுத்தடுத்த பிள்ளைப்பேறு, இறைச்சி மீன் அபூர்வம், கொக்கிப்புழு. வெறுங்காலோடு நடக்கும்போது பாதத்தின் வழியே ஏறிக் குடலில் ஒட்டி இரத்தம் குடிக்கும் இந்தப் புழுவை ஒழிக்க 1916ஆம் ஆண்டிலேயே ரொக்பெல்லர் நிறுவனத்தார் இலங்கைத் தோட்டங்களில் வேலை தொடங்கினார்கள். மலசலகூடமும் செருப்பும் புழு மருந்தும் வந்தபின் நிலைமை எவ்வளவோ மேல். ஆனாலும் மலைக்குச் செருப்பில்லாமல் போகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

இன்னொரு காரணம் நம் கையிலேயே இருக்கிறது. அது நாம் பறிக்கும் கொழுந்துதான். ரொட்டியைக் கடித்துத் தேத்தண்ணியைக் குடிப்பது நமது வழக்கம். மலைக்குப் போகும்போதும் போத்தலில் சாயத்தண்ணி. தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள், சோறு, ரொட்டி, கீரை, பருப்பு இவற்றிலுள்ள இரும்பைப் பிடித்துவைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாமல் செய்கிறது. தென்னாபிரிக்க ஆராய்ச்சியாளர்கள் ஆட்களுக்குச் சாப்பாட்டோடு தேநீர் கொடுத்துப் பார்த்து 1975இலேயே இதை வெளியிட்டிருக்கிறார்கள். கர்ப்பிணிகளுக்கு கிளினிக்கில் கொடுக்கும் இரும்புக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்கினாலும் இதே கதைதான். குளிசையில் பாதி வீண்போனால் யாருக்கு நட்டம்?

தேத்தண்ணியை விட்டுவிடுங்கள் என்று தோட்டத்திலே நின்று சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். நாமும் விடப்போவதில்லை. சாப்பாட்டோடு குடிக்காமல், சாப்பிட்டு ஒரு மணித்தியாலமாவது கழித்துக் குடியுங்கள் என்பதுதான் கேள்வி. காலை ரொட்டிக்குச் சுடுதண்ணீர் போதும், தேத்தண்ணியைப் பிறகு ஊற்றலாம். சாப்பாட்டோடு ஒரு துண்டு தேசிக்காய், நெல்லிக்காய் அல்லது ஒரு கொய்யாப்பழம் சேர்ந்தால் இரும்பு கூடுதலாகச் சேரும். நெத்தலி, கருவாடு, ஈரல் கிடைக்கும் நாளில் அதைப் புருஷனுக்கும் மகனுக்கும் மட்டும் வைக்காமல் பெண்களும் சாப்பிட வேண்டும். வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவள்தான் இரத்தம் குறைந்தவளாக இருக்கிறாள், இதை ஆண்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். மாலையில் குடிக்கும் தேத்தண்ணி, கோப்பி நித்திரையையும் கெடுக்கும். சாராயமும் புகையிலையும் கால் தொல்லையைக் கூட்டலாம்.

வைத்தியரிடம் சொல்லும் விதம்

நம் ஆட்கள் வைத்தியரிடம் போய் "கால் நோவுது" என்று ஒரு சொல்லோடு நிறுத்திவிடுகிறார்கள். அவரும் நோவுக்குக் குளிசை எழுதிவிடுகிறார். அது பிழையென்று சொல்ல முடியாது, நாம் சொன்னதற்குத்தான் மருந்து. "படுத்தா வருது, நடந்தா போகுது, ராத்திரியிலதான் கூட, நித்திரையே இல்ல" என்று இந்த நாலையும் சொல்லுங்கள். பாஷை பிரச்சினை என்றால் பாடசாலைக்குப் போகும் பிள்ளையைக் கொண்டு சிங்களத்தில் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போகலாம். ஒரு வாரத்துக்கு எத்தனை மணிக்குத் தொடங்குகிறது, எத்தனை மணிக்குத் தூங்கினோம் என்று காலண்டரில் குறித்தால் இன்னும் நல்லது.

குடிக்கும் மருந்துகளையும் காட்டுங்கள். தடிமலுக்கும் அரிப்புக்கும் கொடுக்கும் தூக்கம் வரவைக்கும் சில குளிசைகள், வாந்திக்குக் கொடுக்கும் சில குளிசைகள், மனவருத்தத்துக்குக் கொடுக்கும் சில மருந்துகள் இந்தத் தொல்லையைக் கூட்டும். நித்திரைக்கென்று தடிமல் குளிசையைக் கடையில் வாங்கிப் போடுகிறவர்கள் இதைக் கட்டாயம் அறிய வேண்டும். ஆனால் வைத்தியர் தந்த மனவருத்த மருந்தைத் தன்பாட்டில் நிறுத்தக்கூடாது.

இரத்தம் பார்க்கும்போது ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிடக்கூடும். ஹீமோகுளோபின் என்பது கையில் புழங்கும் காசு மாதிரி. பெட்டியில் சேமிப்பு காலியாகியிருக்கலாம். அந்தச் சேமிப்பைக் காட்டும் பரிசோதனைக்குப் பெரிட்டின் என்று பெயர். ஓயாத கால் நோய்க்காரருக்குப் பெரிட்டின் 1 லீற்றருக்கு 75 மைக்ரோகிராம் அல்லது அதற்குக் கீழே என்றால் இரும்பு கொடுத்துப் பார்க்கலாம் என்று 2018இல் வெளியான சர்வதேச வழிகாட்டல் கூறுகிறது. ஆய்வுகூடத் துண்டில் 20, 30 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் 'நோர்மல்' என்று இருக்கலாம். அப்படி இருந்தாலும் "இந்தக் கால் வருத்தத்துக்கு இது போதுமா ஐயா?" என்று மரியாதையாக ஒரு வார்த்தை கேளுங்கள்.

இரும்புக் குளிசையை நாமாக வாங்கி விழுங்கக்கூடாது. தலசீமியா போன்ற இரத்த நோய் உள்ளவர்களுக்கு இரும்பு மிஞ்சினால் ஆபத்து. குளிசை போட்டால் மலம் கறுப்பாகப் போகும், சிலருக்கு வயிறு கட்டும். அதற்குப் பயந்து இடையில் விட்டுவிடாமல் மருத்துவமாதுவிடம் சொல்லுங்கள். சிறுபிள்ளைகள் மிட்டாய் என்று நாலைந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து, கைக்கெட்டாத உயரத்தில் வைக்க வேண்டும்.

எல்லாப் பரிசோதனையும் சரியாக வந்தும் கால் ஓயாதவர்கள் உண்டு. இவர்கள்தான் கூடுதலாக மனம் உடைந்து போகிறவர்கள், ஏனென்றால் "ஒண்ணுமில்ல" என்ற பதிலோடு திரும்பி வருகிறார்கள். காரணம் பிடிபடாத நோயும் நோய்தான். இவர்களுக்கும் மருந்து இருக்கிறது. முன்னர் முதலில் கொடுத்துவந்த டோபமின் வகை மருந்துகள் நாட்செல்ல நோயையே கூட்டுவது தெரியவந்ததால், இப்போது கபாபென்டின் போன்ற மருந்துகளை முன்னே வைக்கிறார்கள். அதை நரம்பு வைத்தியரோ பொது வைத்திய நிபுணரோதான் தீர்மானிப்பார். டிஸ்பென்சரியில் துண்டு எழுதி வாங்கிக்கொண்டு போகலாம்.

அதுவரை வீட்டில் செய்யக்கூடியது: படுக்குமுன் கெண்டைக்காலை நீட்டி மடக்குவது, வெந்நீர்த் துணியால் ஒற்றுவது, உருவிவிடுவது. சிலருக்குக் குளிர்ந்த தண்ணீரே இதம். இப்படிப்பட்டவரைக் காம்பராவில் கதவோரம் படுக்கவிட்டால், எழும்பி நடக்கும்போது யாரையும் தாண்ட வேண்டியதில்லை. குளிருக்கு ஒரு கம்பளியும் பக்கத்தில் இருக்கட்டும். உருவிவிடும் வேலையைப் புருஷன் செய்தால் கௌரவம் ஒன்றும் குறைந்துவிடாது.

ஆய்வுகூடத் துண்டை அடுப்பு மூட்டப் போட்டுவிடாதீர்கள். கிளினிக் கொப்பிக்குள் வைத்திருங்கள். 3 மாதம் குளிசை போட்டபின் மறுபடி இரத்தம் எடுக்கும்போது பழைய எண்ணோடு சேர்த்துத்தான் வைத்தியர் பார்ப்பார்.