அடுப்புப்புகையும் இதயமும்

பர்மாவில் 1917ஆம் ஆண்டு பிறந்து, இரங்கூனில் மருத்துவம் பயின்றவர் எஸ்.ஐ. பத்மாவதி. போர்ச்சூழலால் 1942இல் கோவைக்குப் புலம்பெயர்ந்தார். பின்னர் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் உயர்கல்வி கற்றுத் தாயகம் திரும்பி, இந்தியாவின் முதல் பெண் இதயநோய் வல்லுநராகத் தில்லியில் பணியாற்றினார்.

புகைபிடிக்கும் வழக்கமில்லாத பெண்களுக்கும் இதயம் செயலிழப்பது ஏன்? 1950களில் அவர் மேற்கொண்ட ஆய்வு, அவர்களது சமையலறையைச் சுட்டியது. காற்றோட்டமற்ற அறையில் சூழும் அடுப்புப்புகை, நாளடைவில் நுரையீரலைப் பழுதாக்குகிறது. அதனால் நுரையீரல் தமனியில் அழுத்தம் மிகுகிறது. அவ்வழுத்தத்தை எதிர்த்து இரத்தத்தைச் செலுத்தும் இதயத்தின் வலது கீழறை, விரிந்து தளர்ந்துபோகிறது. எனவே, மருந்தைப் போலவே புகைபோக்கியும் உயிர்காக்கும்.

தில்லியில் 1981இல் தேசிய இதய நிறுவனத்தைத் தொடங்கிய பத்மாவதி, 2020இல் தம் 103ஆம் அகவையில் மறைந்தார். உங்கள் வீட்டு அடுப்பின் புகை எவ்வழியே வெளியேறுகிறது என்பதை இன்று கண்டறிக.